வயலுக்கு வாய்க்கால் உண்டு. வயலில் நிற்பவன் வாய்க்கு?

ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் அம்பாறைக் கரையோரத்துக் கமக்காரர் ஓரிடத்திற் கூடுகின்றனர். நீர்ப்பாசன அதிகாரிகள் வருகின்றனர், கமநல அதிகாரிகள் வருகின்றனர், வட்டவிதானைமார் வருகின்றனர். குளத்தில் நீர் எவ்வளவு, மதகு என்று திறக்கப்படும், எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள், விதைப்பு என்று முடிய வேண்டும், நீர் என்று மறிக்கப்படும் என்பன எல்லாம் அங்கே தீர்மானமாகின்றன. ஒரு நாள் நீர் குறைந்தாலும் வாக்குவாதம் மூள்கின்றது. முடிவுகள் எழுத்திற் பதியப்படுகின்றன. அவற்றுக்குச் சட்டத்தின் பலமும் உண்டு.

அத்தகைய கூட்டங்கள் பலவற்றில் நாமும் இருந்திருக்கின்றோம். நெல்லுக்கு நீர் கேட்க நூறு குரல்கள் எழுந்தன. அந்த நெல்லை விளைவிப்பவன் நாள் முழுவதும் எதைக் குடிப்பான், எவ்வளவு குடிப்பான், எங்கிருந்து குடிப்பான் என்று கேட்க ஒரு குரலும் எழுந்ததில்லை. எமது குரலும் எழுந்ததில்லை. அக்குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டே இதனை எழுதுகின்றோம்.

போதிய நீர் அருந்த வேண்டும் என்பது வைத்தியர் எல்லோரும் கூறும் அறிவுரை. பாடசாலைப் புத்தகத்திலும் அஃது உண்டு. மொழி, காணி, எல்லை என்று எழுதி வந்த பேனா ஒரு குவளைத் தண்ணீருக்கு இறங்கிவிட்டதா என்று வாசகர் கேட்கலாம். எமது விடை இதுதான். நீர் அருந்துவதற்குத் தூய நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அருந்துவதற்கு நேரம் வேண்டும். அருந்தியபின் ஒதுங்குவதற்கு இடம் வேண்டும். இம்மூன்றையும் தனி மனிதன் தனக்குத்தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. ஊர் கூடித்தான் உண்டாக்க வேண்டும். ஊர் கூடிச் செய்ய வேண்டிய காரியம் எதுவோ, அதுவே அரசியல்.

ஓர் ஈட்டுறுதியின் கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கட்சிக்காரர் எம்மிடம் வந்தார். வயது ஐம்பதை எட்டியிருக்கும். தமது சிறிய வயற்காணியை ஈடு வைப்பதற்கு உறுதி எழுத வேண்டுமென்றார். காரணம் கேட்டோம். இரு சிறுநீரகங்களும் பழுதடைந்துவிட்டன என்றும், வாரத்துக்கு இரு முறை இரத்தம் சுத்திகரிக்கச் செல்ல வேண்டுமென்றும், போக்குவரத்துக்கும் மருந்துக்குமே கைப்பணம் கரைந்துவிட்டது என்றும் சொன்னார். தமது காணியிற் செய்வது போக, அயலார் வயல்களிற் கூலிக்கு மருந்து தெளிப்பதும் அவருக்குத் தொழிலாக இருந்தது.

வயலில் நிற்கும்போது எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டோம். “தண்ணியக் குடிச்சா ஒதுங்கப் போக வேணும், வேலை மினக்கெடும். மினக்கெட்டா அடுத்த நாளைக்குக் கூப்பிட மாட்டாங்க ஐயா” என்றார். முதுகிற் கட்டிய தெளிகருவியிலே பதினாறு லீற்றர் நீரைச் சுமந்து நெல்லுக்கு இறைத்தவர், தம் வாய்க்கு ஒரு போத்தல் நீரையும் கொண்டு செல்லவில்லை.

அவருடைய நோய்க்கு நீர்க்குறைவே காரணம் என்று நாம் சாதிக்க வரவில்லை. வைத்தியர்களும் அவ்வாறு கூறவில்லை. சாட்சியம் இல்லாததைச் சாட்சியம்போற் காட்டுவது எமது தொழிலுக்கு இழுக்கு. ஆனால் அவர் சொன்ன காரணம் எம் நெஞ்சில் தைத்து நின்றது. நீர் நன்மை தரும் என்பது அவருக்குத் தெரியாததன்று. குடித்தால் கூலி போய்விடும் என்பதே அவர் அச்சம்.

படித்தவர் கதையும் இதிலிருந்து வெகு தொலைவில் இல்லை. காலையில் ஒரு தேநீர். பின் கறுப்பு மேலங்கியோடு நீதிமன்றிற் புகுந்தால் பிற்பகல் வரை நாவில் ஒரு துளியும் விழுவதில்லை. இப்படிப் பல ஆண்டுகள் கழித்ததன் பயனோ என்னவோ, ஒரு நள்ளிரவில் விலாப்புறத்தில் எழுந்த வலி எம்மைத் தரையில் உருள வைத்தது. சிறுநீரகக் கல் என்றார்கள். குறுக்கு விசாரணையில் எத்தனையோ பேரைத் துடிக்க வைத்த சட்டத்தரணி, கடுகளவு கல்லொன்றின் முன்னே வாயடைத்துக் கிடந்தார்.

உடம்பின் கணக்கு

வளர்ந்த மனிதனின் உடல் நிறையில் ஏறக்குறைய 60 வீதம் நீர். இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் மிகப் பெரும்பகுதியை இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்று அல்லது இரண்டு லீற்றரை மட்டும் கழிவோடு வெளியேற்றுகின்றன. உடலில் நீர் குறையும்போது மூளை ஒரு சுரப்பை அனுப்பி, நீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுகின்றது. அப்போது அதே கழிவு மிகக் குறைந்த நீரிற் கரைந்து வெளியேற வேண்டியிருக்கின்றது. சிறுநீர் கடும் மஞ்சளாகின்றது. அதிலுள்ள உப்புக்கள் படிகமாகித் திரள்கின்றன; கல் பிறக்கின்றது.

1996 இல் இத்தாலிய வைத்தியர்கள் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டனர். முதன்முறையாகக் கல் கண்ட நோயாளரை இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியினர் நாளொன்றுக்கு இரண்டு லீற்றருக்குக் குறையாமற் சிறுநீர் கழியும் வண்ணம் நீர் அருந்தினர். மறு பகுதியினர் வழமைபோல் இருந்தனர். ஐந்தாண்டுகளில் வழமைபோல் இருந்தோரில் 27 வீதத்தினருக்குக் கல் மீண்டும் தோன்றியது. நீர் அருந்தியோரில் 12 வீதத்தினருக்கே தோன்றியது. விலையில்லா ஒரு மருந்து பாதிக்கு மேற்பட்ட வேதனையைத் தடுத்துவிட்டது.

பெண்களைப் பற்றிய ஆய்வு 2018 இல் வெளிவந்தது. அடிக்கடி சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகி, வழமையிற் குறைவாக நீர் அருந்தி வந்த 140 பெண்களில் ஒரு பகுதியினர் நாள்தோறும் மேலதிகமாக ஒன்றரை லீற்றர் நீர் அருந்தினர். ஓராண்டில் மற்றோருக்குச் சராசரி மூன்று முறைக்கு மேல் தொற்று வந்தது. மேலதிகமாக அருந்தியோருக்கு இரு முறைக்கும் குறைவாகவே வந்தது. தொற்றுக் குறைந்தமையால் நுண்ணுயிர் கொல்லி மருந்தின் தேவையும் குறைந்தது.

அப்படியாயின் எவ்வளவு அருந்துவது? எட்டுக் குவளை என்று பலரும் சொல்கின்றனர். 1945 இல் அமெரிக்க உணவுச் சபையொன்று நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் நீர் தகும் என்று கூறியது. அதில் பெரும்பகுதி உணவிலேயே அடங்கியிருக்கின்றது என்றும் உடன் கூறியது. முதல் வாக்கியம் உலகெங்கும் பரவியது. இரண்டாம் வாக்கியம் மறக்கப்பட்டது. 2010 இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, உணவில் உள்ள நீரையும் சேர்த்து, ஆணுக்கு இரண்டரை லீற்றரும் பெண்ணுக்கு இரண்டு லீற்றரும் என வகுத்தது. இது மிதமான காலநிலைக்கும் மிதமான உழைப்புக்கும் உரிய கணக்கு. பாலூட்டும் தாய்க்கு இதற்கு மேலாக 700 மில்லிலீற்றர் வேண்டும். எமது வெயிலில், நிழலில் அமர்ந்து பணிபுரிபவரும் இரண்டு லீற்றரளவு அருந்துதல் நன்று. பால் கலவாத் தேநீரும் கஞ்சியும் இளநீரும் கணக்கிற் சேரும். சீனி நிறைந்த சோடா வகைகளை இக்கணக்கிற் சேர்ப்பது நீரிழிவுக்குக் கதவு திறப்பதாகும்.

அளவறிய ஓர் எளிய வழி உண்டு. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வெளிறியிருந்தாற் போதுமான நீர் அருந்தியிருக்கின்றோம். கடுந்தேநீர் நிறமாயின் இல்லை. தாகத்தை மட்டும் நம்பியிருத்தல் முதியோருக்கு ஆகாது. வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்குகின்றது. மறுபுறத்தில், அளவுக்கு மிஞ்சி ஒரே மூச்சிற் குடிப்பதும் தீது. இரத்தத்தின் உப்பு நீர்த்து உயிருக்கே ஊறு நேரலாம். இருதய நோயாளரும் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தோரும் தம் வைத்தியர் குறித்த அளவையே பேண வேண்டும். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் நீர் மாற்றிவிடாது. சிறுநீரகத்தைக் கெடுப்பவற்றுள் முன்னிற்பவை அவ்விரண்டுமே.

கச்சான் காற்றிலே நிற்பவன்

இனி வயலுக்கு வருவோம். சிறுபோகத்திலே கச்சான் காற்று அனலை அள்ளி வீசும் நாள்களை எமது மக்கள் அறிவர். அறுவடையை இன்று இயந்திரம் செய்கின்றது. ஆயினும் வரம்பு கட்டுதலும், களை பிடுங்குதலும், மருந்து தெளித்தலும், நெல் காயவைத்தலும் மனித உடலாலேயே நடக்கின்றன. கடும் வெயிலில் உழைப்பவனுக்கு மணிக்கு ஒரு லீற்றர் வியர்வை வெளியேறக்கூடும். அறுபது கிலோ நிறையுள்ளவன் ஒன்றேகால் லீற்றரை இழந்து அதனை ஈடுசெய்யாவிட்டால், அவன் நிறையில் 2 வீதம் போய்விட்டது. அந்த அளவிலேயே உழைக்கும் வலுக் குறைகின்றது, கவனம் சிதறுகின்றது, தலை வலிக்கின்றது. நஞ்சு கலந்த தெளிகருவியை முதுகில் சுமப்பவனுக்குக் கவனம் சிதறலாமா?

ஐக்கிய அமெரிக்காவின் தொழிற் சுகாதார நிறுவனம் இத்தகைய உழைப்பாளிக்கு ஒரு விதி வகுத்திருக்கின்றது. பதினைந்து இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு கோப்பை, அதாவது ஏறக்குறைய 240 மில்லிலீற்றர் அருந்த வேண்டும். மணிக்கு ஒன்றரை லீற்றரை எட்டும் அளவுக்கு மிகுதல் ஆகாது. நாலு மணி நேர வேலைக்கு மூன்று முதல் நாலு லீற்றர் வேண்டியிருக்கின்றது. எந்த வாடியில் அந்நீர் வைக்கப்பட்டிருக்கின்றது என்று எம்மை நாமே கேட்போமாக.

1990 களில் இருந்து வடமத்திய மாகாணத்துக் கமக்காரரிடையே காரணம் விளங்காத ஒரு சிறுநீரக நோய் பரவி வந்திருக்கின்றது. மதவாச்சி, பதவியா ஆகிய இடங்கள் அதனாலேயே நாடெங்கும் அறியப்பட்டன. எமது மாவட்டத்துத் தெஹியத்தகண்டியாவும் அப்பட்டியலில் உண்டு. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட், விவசாய நஞ்சுகள், வெப்பமும் உடல் நீரிழப்பும் எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. ஐயமற நிறுவப்பட்டது எதுவும் இல்லை. வெயில் ஒன்றே காரணமாயின் எமது கரையோரமும் அவ்வாறே பீடிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே வெயிலின்மேல் முழுப்பழியையும் சுமத்துதல் நீதியன்று. அதனை விடுதலை செய்வதும் நீதியன்று.

ஏனெனில் உலகின் மறுகோடியில், மத்திய அமெரிக்காவின் நிக்கராகுவாவிலும் எல் சல்வடோரிலும், கரும்பு வெட்டும் இளைஞர்கள் இதையொத்த நோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். அங்கே கடந்த பத்தாண்டு காலத்தில் நீர், ஓய்வு, நிழல் என்னும் மூன்றையும் ஒருசேர வழங்கும் திட்டம் கரும்புத் தோட்டங்களிற் புகுத்தப்பட்டது. வெட்டுவோரின் சிறுநீரகத்துக்கு நேரும் காயம் குறைந்தது என ஆய்வாளர் கண்டனர். இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று: நீரை மட்டும் கொடுத்தது போதவில்லை. ஓய்வையும் நிழலையும் கூட்டியபோதே பயன் துலங்கியது. நீர் குடியென்று சொல்லிவிட்டு வேலை நேரத்தை இறுக்கிப் பிடிப்பவன் பாதி நீதியே செய்கின்றான்.

மணலின் கீழே உள்ள நீர்

குடிக்கும் நீர் எத்தகையது? மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை எமது ஊர்கள் கடற்கரை மணலின்மேல் அமைந்தவை. இம்மணலின் கீழே நன்னீர், உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே நாற்பது அடிவரை நன்னீர் நிற்கும் என்பது அறிஞர் கண்ட கணக்கு. இதையே திருப்பிப் பார்ப்போம்: மேலே ஓரடியை இறைத்து வற்றச் செய்தால், கீழே உப்பு நாற்பது அடி ஏறத் தொடங்கும்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் இந்தப் பாடத்தை எமக்குக் கொடூரமாகக் கற்பித்தது. அன்று கடல் கொண்டுபோன உயிர்களை எண்ணி இன்றும் எமது ஊர்கள் அழுகின்றன. உயிர் தப்பியோரின் கிணறுகளிற் கடல்நீர் நிறைந்தது. நல்லெண்ணத்தோடு வந்தோர் அக்கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தனர். கிழக்குக் கரையோரத்தின் பல இடங்களில் அளவு மீறிய இறைப்பே கீழிருந்த உப்பை மேலே இழுத்தது. இறுதியிற் கிணறுகளைத் தேற்றியது மாரி மழைதான்.

உப்பு ஒரு பகை. மலக்குழி மற்றொரு பகை. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்பது சுகாதாரப் பொதுவிதி. உறுதிகள் எழுதிப் பழகிய கை கணக்கொன்று போட்டுப் பார்த்தது. எட்டுப் பேர்ச் காணியைச் சதுரமாக அளந்தால் ஒரு பக்கம் 47 அடிக்கும் சற்றுக் குறைவு. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் எட்டுப் பேர்ச் என்பது சிலருக்கு வளவு, பலருக்குக் கனவு. சொந்தக் குழியைத் தூர வைத்தாலும் அயலவன் குழி எமது கிணற்றருகே வந்து நிற்கின்றது. அயலவன் தமிழனா முஸ்லிமா என்று மணல் விசாரிப்பதில்லை. பிரதேச செயலக எல்லையும் சபை எல்லையும் எங்கே போக வேண்டுமென்று நாம் ஆண்டுக்கணக்காக வாதாடுகின்றோம். அவ்வழக்குகளில் நியாயம் உண்டு, அவை நடக்கட்டும். ஆனால் நிலத்தடி நீர் ஒன்றே. அதனைப் பாகப்பிரிவினை செய்ய எந்த நீதிமன்றாலும் இயலாது.

பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் அரசியலை இவ்விதழின் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்நீர்ப்பரப்பைச் சேர்ந்த கொண்டவட்டுவான் குளத்து நீர் இன்று சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியே எமது கரையோர ஊர்களுக்கு வருகின்றது. இது பெரும் பேறு. எனினும் குழாய் வீட்டு முற்றத்தோடு நின்றுவிடுகின்றது. வட்டைக்கு அது போவதில்லை. அங்கே வாய்க்கால் நீரும் பழைய கிணறுமே கதி. சிலர் மருந்துக் கொள்கலனைக் கழுவிவிட்டு அதிலேயே குடிநீர் கொண்டு போகும் கொடுமையும் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் அக்கலன் குடிநீருக்கு ஆகாது.

பெண்கள் ஏன் குடிப்பதில்லை?

கொழும்புக்குச் செல்லும் இரவுப் பேருந்தில் ஏறவிருக்கும் பெண், அன்று பிற்பகலில் இருந்தே நீரைத் தவிர்க்கின்றாள். சந்தையிற் கடை வைத்திருப்பவள் காலை தொட்டு மாலை வரை தாகத்தை அடக்குகின்றாள். பாடசாலை மாணவி கொண்டுபோன போத்தலை நிறைந்தபடியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வருகின்றாள். காரணம் எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். ஆண்கள் நடத்தும் கூட்டங்களில் எவரும் பேசுவதில்லை. தாழ்ப்பாள் உள்ள, நீர் உள்ள, தூய மலசலகூடம் இல்லை. இருப்பதும் பூட்டிக் கிடக்கின்றது. அதனால் அவள் குடிப்பதில்லை. குடியாததால் தொற்று வருகின்றது. வந்தாலும் வெளியே சொல்வதில்லை. நீர் அருந்துமாறு அவளுக்கு அறிவுரை கூறுமுன், அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் பூட்டுவதே சபை உறுப்பினரின் கடமை.

கேரளத்திலே 2019 இல் பாடசாலைகள் ஒரு புதுமை செய்தன. பாடவேளைகளுக்கு இடையே நீர் அருந்துவதற்கென்றே மணி அடித்தன. மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் குடிக்க வேண்டும். ஒரு மணியடிக்க அரசாங்கத்துக்கு ஆகும் செலவு என்ன? அதனைப் பார்த்து அயல் மாநிலங்களும் பின்பற்றின. ஆனால் மணியோடு மலசலகூடமும் திருந்தினாலன்றி, மணியோசை மாணவிக்கு வெறும் ஓசையே.

நோன்பு மாதத்தில் பகலெல்லாம் நீர் அருந்தாதிருப்போர் எமது ஊர்களிற் பெரும்பான்மையினர். நோன்பு திறந்ததில் இருந்து ஸஹர் வரை சிறுகச் சிறுக நீர் அருந்துவதே அவர்களுக்கு உகந்தது. ஸஹர் வேளையில் ஒரே மூச்சிற் குடித்து நாள் முழுவதுக்கும் சேமித்துவிட இயலாது. நோன்புக் கஞ்சி நீரையும் உப்பையும் ஒருங்கே தருகின்ற நல்லுணவு. நோயாளர் நோன்புக்கு முன்பே தம் வைத்தியரைக் கண்டு ஆலோசனை பெறுதல் வேண்டும். அம்மாதத்தில் வேலை நேரத்தைக் குளிர்ந்த வேளைக்கு மாற்றிக் கொடுப்பது வயற் சொந்தக்காரரின் பொறுப்பு.

சட்டம் என்ன சொல்கின்றது?

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை, மக்கள் அனைவருக்கும் போதிய வாழ்க்கைத் தரத்தை உறுதி செய்வது அரசின் குறிக்கோள் என்கின்றது. உணவு, உடை, உறைவிடம் என்று அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. நீர் குறிக்கப்படவில்லை. குறிக்கப்பட்டவையும் நீதிமன்றிற் சென்று கேட்கத்தக்க உரிமைகளல்ல. அரசுக்கு வழிகாட்டும் கொள்கைகள் மட்டுமே. நல்ல நீரும் துப்புரவும் மனித உரிமை என ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010 ஜூலை 28 ஆம் நாள் பிரகடனம் செய்தது. அந்தப் பிரகடனம் எமது அரசியலமைப்பின் எழுத்தில் இன்னும் ஏறவில்லை.

ஆயினும் நம்பிக்கை தரும் ஒரு தீர்ப்பு உண்டு. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளிற் கலந்தது. அவ்வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்று கிணற்றுச் சொந்தக்காரரின் பக்கம் நின்றது. மாசுபடுத்தியவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டின்படி இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது. அரசியலமைப்பில் நீர் என்ற சொல் இல்லாதபோதும், சட்டத்தின்முன் சமத்துவம் என்ற உரிமையின் வழியே நீருக்கு நியாயம் கிடைத்தது. வழி இருக்கின்றது, கேட்பார் வேண்டும்.

தொழிற்சாலைகளிலே குடிநீர் வைக்க வேண்டுமென்று 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விதிக்கின்றது. வயல் தொழிற்சாலையன்று, நாட்கூலிக்கு நிற்பவனுக்கு அவ்விதி இல்லை. கூரையின் கீழ் உழைப்பவனுக்குச் சட்டம் நீர் தருகின்றது. கூரையற்று வெயிலில் உழைப்பவனைக் கைவிடுகின்றது. இந்த முரண்பாட்டைப் பாராளுமன்றத்தில் எழுப்புவது எமது பிரதிநிதிகளின் கடன்.

செய்யத்தக்கவை

கொழும்பைப் பார்த்துக் காத்திராமல் நாமே செய்யத்தக்கவை உண்டு. 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற கமக்காரர் அமைப்புக்கள் எல்லா வட்டைகளிலும் இருக்கின்றன. அடுத்த பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தின் முதல் தீர்மானம் குடிநீர் பற்றியதாக இருக்கட்டும். வட்டை ஒவ்வொன்றிலும் நிழலோடு கூடிய ஓரிடம்; குழாய் பொருத்திய, மூடியுள்ள ஒரு நீர்த்தாங்கி; ஒதுங்க ஒரு மறைவிடம்; உச்சி வெயிலில் ஓய்வு. இவற்றுக்கான செலவைப் பரப்புக்கேற்பப் பங்கிட்டால் ஏக்கருக்கு மிகச் சிறு தொகையே வரும். வாய்க்கால் துப்புரவுக்குப் பங்கு கொடுப்பவர் இதற்கும் கொடுக்கலாம்.

படித்த அன்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எம்மில் வைத்தியர், ஆசிரியர், சட்டத்தரணிகள், எழுதுவினைஞர் பலர் வயற் சொந்தக்காரர். குத்தகைப் பணமும் நெல்லும் வீடு தேடி வருகின்றன. அந்த வயலில் எவன் எந்த நீரைக் குடித்தான் என்று நாம் கேட்டதில்லை. கூலி பேசும்போதே நீரும் ஓய்வும் பேசப்படட்டும். குடிக்க எடுத்த நேரத்துக்குக் கூலி குறைக்கப்படாது என்ற ஒரு சொல்லை, முல்லைக்காரன் காதில் விழும்படி நாமே சொல்வோமாக. எமது கட்சிக்காரர் அஞ்சிய அச்சத்தைப் போக்க அந்த ஒரு சொல் போதும்.

உள்ளூராட்சி மன்றங்கள் சந்தைகளிலும் பேருந்து நிலையங்களிலும் பெண்களுக்கான மலசலகூடங்களைத் திறந்து, தூய்மையாக வைத்திருக்க வேண்டும். பொதுக் கிணறுகளின் நீரை மாரிக்கு முன்னும் பின்னும் பரிசோதித்து, முடிவைத் தமிழில் எழுதிக் கிணற்றடியிலேயே ஒட்ட வேண்டும். பாடசாலை அபிவிருத்திக் குழுக்கள் நீர் மணியையும் தாழ்ப்பாளையும் ஒரே கூட்டத்தில் தீர்மானிக்கட்டும்.

கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார்களுக்கு எமது வீதி நெடுகத் தாகசாந்தி நிலையங்கள் எழுகின்றன. பள்ளிவாசலுக்குக் கிணறு வெட்டி வக்ஃபு செய்தோரின் பரம்பரையும் இம்மண்ணில் உண்டு. வழிப்போக்கனுக்கு நீர் கொடுப்பதைப் பெரும் அறமாகக் கருதிய இரு சமூகங்கள் நாம். வழிப்போக்கனுக்கு ஒரு நாள் கொடுத்த நீரை, எமக்காக ஆண்டு முழுவதும் வெயிலில் நிற்பவனுக்கு மறுக்கலாமா? அவனுக்கு அது தருமமாக வர வேண்டியதில்லை. கூலியைப் போல் உரிமையாக வர வேண்டும்.

அடுத்த போகத்தின் கூட்டத்துக்கு நாம் செல்வோம். மதகு திறக்கும் நாள் தீர்மானமானதும் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்போம்: பயிருக்கு நீர் பகிர்ந்துவிட்டீர்கள், உழைப்பவன் குடிக்கும் நீர் எங்கே? எம்மோடு சேர்ந்து எழுந்து நிற்க ஒவ்வொரு வட்டையிலும் ஒருவர் இருந்தாற் போதும். அதுவரை, இதனை வாசித்து முடித்ததும் ஒரு குவளை நீர் அருந்துங்கள். உங்கள் வயலில் நிற்பவனுக்கும் ஒரு குவளை கொடுத்தனுப்புங்கள்.